‘நானும் ஆமென் சொன்னேனே, அதற்குத்தான் இந்தத் தண்டனையா?’

ராமேஸ்வரம் தீவில் இருந்து ஒரு வாசகி நோட்டுத் தாளில் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வயது 38. கத்தோலிக்க மீனவக் குடும்பம். கணவர் வேறொருவரின் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், இவர் பாசி எடுக்கப் போவார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, மகன் எட்டாவது. கணவரின் அண்ணன், அதாவது பிள்ளைகளின் பெரியப்பா, சில வருடங்களாக ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார், இவரும் கூடவே போயிருக்கிறார். 2022-ல் இலங்கையில் ஜனங்கள் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற நேரம், கூட்டம் நடத்துகிறவர் “நம்ம மீனவரை அழவைத்த தேசத்தைக் கர்த்தர் நியாயந்தீர்த்துவிட்டார்” என்று சொல்ல, எல்லோரோடும் சேர்ந்து இவரும் சத்தமாக ஆமென் சொல்லியிருக்கிறார். சில நாள் கழித்து, தனுஷ்கோடியில் தங்கச்சி வீட்டில் இருந்தபோது, படகில் வந்து மணலில் இறக்கிவிடப்பட்ட ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறார். மன்னார்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண், கையில் நாலு மாதக் குழந்தை, கழுத்துக் கயிற்றில் அந்தோனியார் சுரூபம். “அக்கா, கொஞ்சம் தண்ணி” என்று கேட்டிருக்கிறாள். இவர் தண்ணீர் கொடுத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குழந்தைக்குச் சுற்றிவிட்டு, அன்று ராத்திரி முழுக்க அழுதிருக்கிறார்.

இப்போது ஏழு வாரமாக இவருடைய கணவர் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அந்தக் கரையில் சிறையில் இருக்கிறார். அதே ஜெபக்கூட்டம் “உங்கள் வீட்டில் மறைவான பாவம் இருக்கிறது” என்கிறது. மிச்சமிருக்கும் மூன்று பவுன் சங்கிலியைக் காணிக்கையாக வைத்தால் கட்டு உடையும் என்று சொல்லியிருக்கிறார்கள். மனு, சங்கம், கலெக்டர் ஆபீஸ் என்று அலைவது விசுவாசக் குறைவு, “பழிவாங்குதல் கர்த்தருக்குரியது” என்கிறார் பெரியப்பா. கடைசி காலம் வந்துவிட்டது, பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பி என்ன ஆகப்போகிறது என்றும் கேட்கிறார். வாசகி ராத்திரி இரண்டு மணிவரை காசா, உக்ரைன் போர்க் காட்சிகளை, எந்த வசனம் எங்கே நிறைவேறியது என்று விளக்கும் குரல்களோடு ஃபோனில் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் முடிவில் இப்படி எழுதியிருக்கிறார்: “கடவுள் மேல கோபமா இருக்கேன். கோவிலுக்குப் போக கால் வரல. அவங்க அழிஞ்சப்ப நானும் ஆமென் சொன்னேனே, அதுதான் எனக்குத் திரும்பி வந்துச்சா?”

சகோதரி,

இல்லை. முதலில் இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதை மெதுவாகப் பேசலாம். நீங்கள் ஆமென் சொன்னதற்காக உங்கள் கணவரைக் கடவுள் சிறையில் வைக்கவில்லை.

நான் மனநல ஆலோசகர், இந்த மாவட்டத்துக் கடலோரத்தில்தான் என் வேலை, நானும் ஞாயிறு பூசைக்குப் போகிறவள். அதனால் உங்கள் கடிதத்தை மனநலம் தனி, விசுவாசம் தனி என்று பிரித்து, ஒரு பாதியைச் சாமியாரிடம் அனுப்பிவிட எனக்கு மனசு வரவில்லை. உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது கடவுளின் நீதியைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட ஒரு கணக்கு. யாருக்கு அடி விழுகிறதோ அவர் குற்றவாளி, இவ்வளவுதான் அந்தக் கணக்கு. 2022-ல் அது உங்களுக்கு ஆறுதலாக இருந்தது, இப்போது அதே கணக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

அந்த ஆமென்

நீங்கள் அன்று சந்தோஷப்பட்டதை நான் பெரிய குற்றமாகப் பார்க்கவில்லை. வலை அறுபட்டு, படகு போய், போன ஆள் திரும்புவாரா என்று கரையில் நின்று பழகிய ஊர் இது. அந்தக் காயத்தில் இருந்து ஒரு நாள் அப்படி ஒரு சத்தம் வருவது இயற்கை. விவிலியத்திலேயே அந்தச் சத்தம் இருக்கிறது. திருப்பாடல் 137-ஐ எடுத்துப் பாருங்கள் (ஜெபக்கூட்டத்தில் சங்கீதம் என்பார்கள், அதேதான்). பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள், கடைசி வரியில் எதிரியின் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதை வாய்விட்டு வாசிக்கவே முடியாது. அதை விவிலியம் நீக்கவில்லை. கோபத்தைக் கடவுள் முன்னால் கொட்டலாம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அது மனிதர் கொட்டிய கோபம், கடவுள் கொடுத்த தீர்ப்பு என்று அதைப் படிக்கக்கூடாது. அன்று கூட்டத்தில் நடந்தது அதுதான். உங்கள் எல்லோருடைய கோபத்தையும் எடுத்து, அதன் கீழே கடவுளின் கையெழுத்தை ஒருவர் போட்டுவிட்டார்.

லூக்கா நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில், தங்களை ஏற்றுக்கொள்ளாத சமாரியர் ஊரின் மேல் வானத்திலிருந்து நெருப்பு இறங்கச் சொல்லட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்கிறார்கள். இயேசு அவர்களைக் கடிந்துகொண்டு அடுத்த ஊருக்கு நடக்கிறார். அந்த இரண்டு பேரும் மீனவர்கள் என்பது எனக்கு எப்போதும் ஞாபகம் வரும்.

அப்புறம், தனுஷ்கோடி மணலில் நீங்கள் என்ன செய்தீர்கள்? தண்ணீர் கொடுத்தீர்கள், துண்டைக் கொடுத்தீர்கள். கடைசித் தீர்ப்பைப் பற்றி இயேசுவே விவரமாகச் சொன்ன இடம் மத்தேயு 25. அங்கே கேட்கப்படும் கேள்விகளில் தாகமாய் இருந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தாயா என்பது ஒன்று, ஆடை இல்லாதவரை உடுத்தினாயா என்பது இன்னொன்று. அந்த ஆமெனை நீங்களே அன்று திருத்திவிட்டீர்கள்.

உலகத்தில் நடப்பது யாருக்கு யார் கொடுத்த தண்டனை?

இதே கேள்வி இயேசுவின் முன்னாலும் வந்திருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள், லூக்கா 13. எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லோரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்கிறார். அதோடு அவர் நிறுத்தவில்லை, நீங்கள் மனம் மாறுங்கள் என்று கேட்டவர்கள் பக்கமே திரும்புகிறார். செத்தவனின் பாவத்தைத் துருவுகிற வேலையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

நம் கண் முன்னால் நடந்தவற்றை வைத்தே யோசியுங்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், நீர்கொழும்பு செபஸ்தியார் கோவில், மட்டக்களப்பில் சீயோன் சபை, அப்புறம் கொழும்பு ஹோட்டல்கள். 250 பேருக்கு மேல் செத்தார்கள். நீங்கள் நவநாள் சொல்லும் அதே அந்தோனியாரின் கோவிலில், உயிர்ப்புப் பெருவிழாப் பூசையில் நின்றவர்கள். அடி விழுந்தவன் குற்றவாளி என்ற கணக்கை இவர்களிடம் கொண்டுபோய் வைக்க உங்களுக்கு நா எழுமா?

2004 டிசம்பர் 26 அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களையே கடல் எடுத்துக்கொண்டு போனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். நம் ராமநாதபுரம் கரையில் அந்த அளவு அழிவு இல்லை. ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? சுமத்ரா பக்கமிருந்து வந்த அலைக்குக் குறுக்கே இலங்கை கிடந்தது. அந்தத் தீவில் 30,000 பேருக்கு மேல் செத்தார்கள், அதன் மறைவில் நம் கரை தப்பியது. நாம் நல்லவர்கள் என்பதால் தப்பினோம் என்று அன்று சில கூட்டங்களில் சாட்சி சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன், அது இன்னும் என் மனதை அறுக்கிறது.

இந்தப் பழக்கம் இன்றைக்கு வந்ததும் இல்லை. நம் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட அருளானந்தர் பிறந்த ஊர் போர்த்துகல் நாட்டு லிஸ்பன். அவர் இறந்து 62 வருடம் கழித்து, 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள் காலையில், கோவில்களில் ஜனங்கள் நிரம்பியிருந்த நேரம் அந்த ஊரை நிலநடுக்கம் அடித்தது. கோவில்கள் விழுந்தன, பீட மெழுகுவர்த்திகளில் இருந்தும் அடுப்புகளில் இருந்தும் தீ பரவியது, பிறகு கடல் உள்ளே வந்தது. மலக்ரிடா என்ற குரு, இது கடவுளின் கோபம்தான், கட்டட வேலையைவிடத் தவம்தான் இப்போது வேண்டியது என்று எழுதினார். அந்த விளக்கத்தால் யாருக்கும் ஒரு கூரை வரவில்லை. செத்தவர்களைப் புதைத்து, உயிரோடு இருந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, ஊரைத் திரும்பக் கட்டியது வேறு கைகள். நம் ஊரிலும் அப்படித்தான், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, கோவிலின் சுவர்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன, யார் பாவத்துக்கு அது நடந்தது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஆனால் அந்தப் புயலில் உடைந்த பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்தார்கள், தீவுக்கு ரயில் மறுபடி வந்தது.

அப்படியானால் கடவுள் நாடுகளை நியாயம் விசாரிப்பதே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். விசாரிக்கிறார் என்றுதான் நானும் நம்புகிறேன், அந்த நம்பிக்கையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஏழையின் அழுகை எங்கேயும் போய்ச் சேராமல் காற்றில் கரைந்துவிடுகிறது என்றால் இந்தக் கரையில் பாதிப் பேரால் எழுந்து நடக்கவே முடியாது. ஆனால் அந்த விசாரணை எப்படி நடக்கிறது என்று விவிலியத்தில் இறைவாக்கினர் ஆமோஸின் புத்தகம் முதல் இரண்டு அதிகாரத்தில் காட்டுவதைப் பாருங்கள். ஆமோஸ் தமஸ்குவின் குற்றத்தைச் சொல்கிறார், காசாவின் குற்றத்தைச் சொல்கிறார், தீர், ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றியுள்ள எதிரி நாடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். கேட்டவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். அந்தச் சுற்று யூதாவுக்கு வந்து, கடைசியில் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் சொந்த நாடான இஸ்ரயேலின் வாசலில் வந்து நிற்கிறது. ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விற்றாயே என்று அங்கேதான் அவர் குரல் உயர்கிறது. காசா பேர் வருகிறதே என்று இன்றைய போரோடு இதை முடிச்சுப் போட வேண்டாம். கடவுளின் நீதி பக்கத்து வீட்டோடு நிற்காது, அதைக் கூப்பிடுகிறவன் வீட்டுக்கும் வரும், எனக்கு ஆமோஸ் சொல்வது அதுதான்.

நம் விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் கசக்கும். கச்சத்தீவில் தவக்காலத்தையொட்டி நடக்கும் அந்தோனியார் திருவிழாவில் இரண்டு கரை ஜனமும் ஒன்றாக முழந்தாளிடுகிறோம். நாம் கேட்பது, எங்கள் ஆட்களைப் பிடிக்காதே, எங்கள் படகைத் திருப்பிக் கொடு. பக்கத்தில் முழந்தாளிட்டிருக்கும் நெடுந்தீவுக்காரரோ மன்னார்க்காரரோ என்ன கேட்கிறார் தெரியுமா? தமிழ்நாட்டு இழுவைமடி எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளும் சாமி. அவரும் தமிழர், அவரும் கத்தோலிக்கர், போர்க்காலம் முழுக்கக் கடலுக்குப் போக முடியாமல் கிடந்து இப்போதுதான் எழுந்தவர். கடலடியை வாரிக்கொண்டு போகும் அந்த இழுவைமடியை இலங்கை 2017-ல் சட்டம் போட்டே தடைசெய்துவிட்டது. உங்கள் கணவர் படகு முதலாளி இல்லை, பங்குக்குப் போகிறவர், அந்தப் பழி முழுவதையும் அவர் தலையில் வைக்க நான் சொல்லவில்லை. ஆனால் நம் கண்ணீரை மட்டும் கேட்கிற கடவுள் என்று ஒருவர் இல்லை.

அமெரிக்காவில் அடிமை முறைக்காக உள்நாட்டுப் போர் நடந்து முடியும் தறுவாயில், 1865 மார்ச் 4 அன்று ஆபிரகாம் லிங்கன் பேசியதில் இது வரும். இரண்டு தரப்பும் ஒரே விவிலியத்தை வாசிக்கிறது, ஒரே கடவுளிடம் வேண்டுகிறது, மற்றவனுக்கு எதிராக அவர் உதவியைக் கேட்கிறது, இரண்டு ஜெபமும் பலிக்க முடியாது என்றார். ஜெயிக்கப்போகிற பக்கத்தின் தலைவர் அவர். எதிரிக்குத் தண்டனை கிடைத்தது என்று அன்று சொல்லியிருந்தால் கூட்டம் கைதட்டியிருக்கும். அவரோ, இந்தப் போர் தெற்கு வடக்கு இரண்டு பேரும் சேர்ந்து செய்த பாவத்துக்கு வந்ததாக இருக்கலாம் என்று தன் பக்கத்தையும் சேர்த்தே நிறுத்தினார். கடவுளின் நீதியை நம்புகிற ஒருவர் உலக நடப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் இப்படித்தான் பேச முடியும் என்று நினைக்கிறேன்.

மறைவான பாவமும் மூன்று பவுனும்

இதில் சுற்றி வளைக்கப் போவதில்லை. சங்கிலியைக் கொடுக்காதீர்கள்.

பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இவன் செய்த பாவமா பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு, யோவான் 9. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து கிடந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நல்ல நண்பர்கள். பிறகு வாயைத் திறந்து மறைவான பாவம் என்று ஆரம்பித்தார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுளுக்குக் கோபம் வந்தது யோபுவின் மேல் இல்லை, அந்த நண்பர்கள் மேல்.

உங்கள் கணவர் பிடிபட்டதற்குக் காரணங்கள் வெளிப்படையாகவே கிடக்கின்றன. 1974, 1976 ஒப்பந்தங்களில் கடலில் கோடு போட்டார்கள், நம் பக்கம் மீன் குறைந்தது, டீசல் காசையாவது எடுக்க வேண்டும் என்று படகு கோட்டுக்கு அந்தப் பக்கம் போகிறது, 2018-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை அங்கே பெரிய அளவில் உயர்த்தினார்கள். இவ்வளவு கண்ணுக்குத் தெரியும்போது கட்டு, சாபம் என்று இருட்டில் துழாவ வேண்டாம். சாபம் என்று ஒரு துன்பத்துக்குப் பேர் வைத்துவிட்டால் அதைச் சுமக்கிற மனிதர் நம் கண்ணில் இருந்து மறைந்துவிடுவார். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் எழுந்து ஓட முடியாமல் செத்தார்கள். நம் மாவட்டத்தில் நடந்தது. என்னிடம் யாராவது வந்து இது சாபமா என்று கேட்கும்போதெல்லாம் அந்த 28 பேரை நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன்.

அந்தச் சங்கிலி உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் ஒரே சேமிப்பு. கணவர் வரும்வரை, மகளின் கல்லூரிக் கட்டணம்வரை அது தேவைப்படும். காணிக்கை மனமுவந்து கொடுப்பது, பயமுறுத்தி வாங்குவதற்கு வேறு பேர் இருக்கிறது. கேட்டால், “அவர் வரட்டும், அவரைக் கேட்டுச் செய்கிறேன்” என்று ஒரே வரியில் நிறுத்திக்கொள்ளுங்கள், விவாதத்துக்குப் போக வேண்டாம்.

மனு கொடுப்பது விசுவாசக் குறைவா?

பவுல் உரோமையருக்கு எழுதிய 12-ஆம் அதிகாரத்தில் பழிவாங்குவதைத்தான் கடவுளிடம் விடச் சொல்கிறார், நியாயம் கேட்பதை இல்லை. அதே பவுல் தன் வழக்கில் சீசரிடம் மேல்முறையீடு செய்தவர், திருத்தூதர் பணிகள் 25. லூக்கா 18-ல் நீதிபதியை விடாமல் தொந்தரவு செய்து தன் நியாயத்தை வாங்கிய கைம்பெண்ணை, ஜெபிப்பது எப்படி என்பதற்கே இயேசு உதாரணமாகக் காட்டினார். நடந்தது ஒன்றும் சொல்கிறேன். ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, பதிலுக்குப் பதில் யாரும் கை ஓங்கக்கூடாது என்று சொன்ன கொழும்புக் கர்தினால் மால்கம் ரஞ்சித், உண்மை வெளியே வர வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டும் இருந்தார். பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 ஜனவரியில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் அதிபரே இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒடிசாவில் 1999-ல் கணவரும் இரண்டு சிறு மகன்களும் உயிரோடு எரிக்கப்பட்ட கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மா, கொன்றவர்களை மன்னித்தேன் என்றார், வழக்கோ உச்ச நீதிமன்றம்வரை அதன் வழியில் நடந்தது. மன்னிப்பும் வழக்கும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதில்லை.

அதனால் இந்த வாரம் செய்ய வேண்டியவை:

- படகின் பதிவு விவரம், கடலுக்குப் போன அன்றைய டோக்கன், கணவரின் ஆதார், மீனவர் அட்டை எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து மீன்வளத்துறை அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். சிறையில் இருக்கும் மீனவர் குடும்பத்துக்கு மாநில அரசு தரும் தினப்படி உதவித்தொகைக்கும் அதே நேரம் எழுதிக் கொடுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.
- திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் அதன் இன்னொரு நகல். அதில், யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் அதிகாரிகள் கணவரைச் சிறையில் நேரில் பார்க்க வேண்டும் என்று தனியாக ஒரு வரி கேளுங்கள். வெளிநாட்டில் பிடிபட்டவர் தன் நாட்டுத் தூதரகத்தோடு பேசுவது 1963 வியன்னா ஒப்பந்தம் கொடுக்கும் உரிமை, யாருடைய தயவும் இல்லை.
- எழுத உதவி வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், அங்கே இலவசமாக வக்கீல் உதவி உண்டு.

அடுத்த முறையும் இதே வேலைக்கு, இதே கோட்டுக்குப் போவதா என்பது அவர் வந்த பிறகு நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டியது. மறுபடி பிடிபட்டால் தண்டனை கூடும் ஆபத்து உண்டு. அதை இப்போது தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

மகளும் கடைசி காலமும்

கடைசி நாளும் நேரமும் இறைமகனுக்கே தெரியாது என்று மாற்கு 13-ல் இயேசு சொல்கிறார், அதே அதிகாரத்தில் போர்களைக் கேள்விப்படும்போது கலங்காதிருங்கள், முடிவு உடனே இல்லை என்றும் சொல்கிறார். தெசலோனிக்காவில் சிலர், ஆண்டவர் வரப்போகிறாரே என்ற எண்ணத்திலோ என்னவோ, வேலையை விட்டுச் சும்மா திரிந்தபோது, ஒழுங்காக உழைத்துச் சாப்பிடுங்கள் என்று பவுல் கண்டித்து எழுதினார். மகள் தேர்வு எழுதட்டும், கல்லூரிக்கு விண்ணப்பம் போடட்டும். இதில் பேரம் வேண்டாம்.

அந்த ஃபோன் காட்சிகளை ராத்திரி எட்டு மணிக்கு மேல் நிறுத்திவிடுங்கள். காசாவிலும் உக்ரைனிலும் சாகிறவர்களுக்காக அழுவது நல்ல மனசு, அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அங்கே சாகும் ஒரு குழந்தை ஏதோ வசனத்தின் நிறைவேற்றமாக உங்களுக்குக் காட்டப்படும்போது, அந்தக் குழந்தைக்காக நீங்கள் அழுவதுகூட நின்றுபோகிறது, பயம் மட்டும் மிஞ்சுகிறது. அதற்குப் பதிலாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜெபமாலையில் ஒரு பத்து மணியை அவர்களுக்காகச் சொல்லுங்கள், போதும். இரண்டு வாரத்தில் தூக்கம் சரியாகவில்லை என்றாலோ, செத்துவிடலாம் போல ஒரு எண்ணம் வந்தாலோ, ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாமல் மனநல உதவி எண் 14416-க்கு ஃபோன் செய்யுங்கள், இலவசம், தமிழில் பேசுவார்கள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

கடவுள் மேல் கோபம் என்றீர்கள். “எத்தனை நாள் ஆண்டவரே என்னை மறந்திருப்பீர்” என்று திருப்பாடல் 13 தொடங்குகிறது. சிலுவையில் இயேசு கதறியதும் ஒரு திருப்பாடலின் முதல் வரிதான். கோவிலுக்குப் போங்கள், ஜெபம் வராவிட்டால் கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

பெரியப்பாவைப் பற்றி

எட்டுப் பக்கத்தில் ஒரே ஒரு வரியில் ஒன்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். அவருடைய மூத்த மகன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை, அதற்குப் பிறகுதான் அவர் அந்தக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார் என்று. அந்த வரியை நான் பல தடவை படித்தேன். காரணமே இல்லாமல் பிள்ளை போனான் என்பதைத் தாங்குவதைவிட, ஏதோ பாவத்துக்கான தண்டனை என்று நினைப்பது சில பேருக்குச் சுலபமாக இருக்கும். தண்டனை என்றால் கணக்கு இருக்கிறது, கணக்கு இருந்தால் கட்டித் தீர்க்கலாம், அடுத்த பிள்ளையையாவது காப்பாற்றலாம். உங்கள் சங்கிலியைக் கேட்கும்போதும் மனு வேண்டாம் என்னும்போதும் அவர் உங்களைக் கெடுக்க நினைக்கவில்லை, தன் மகனுக்காக இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. அதற்காக அவர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவரோடு வசனச் சண்டை வேண்டாம், ஜெயித்தாலும் அதில் ஒன்றும் கிடைக்காது.

அவனுடைய பேரைச் சொல்லி அவரிடம் பேசிப் பாருங்கள். கல்லறை இல்லாததால் நவம்பர் 2-ஆம் தேதி மெழுகுவர்த்தி கொளுத்த அவருக்கு ஒரு இடம் இல்லை, அதைப் பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள், கரையிலேயே ஒரு மந்திரிப்பு, அதாவது இறந்தவருக்கான ஜெபம், வைக்க முடியுமா என்று கேளுங்கள். அவர் வருவாரா, வரமாட்டாரா, தெரியாது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு வாங்க என்று கூப்பிடுங்கள். தம்பிக்காக அவர் பஸ் ஏறுவார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மனுவுக்கு முத்திரை வாங்கியதும், வழக்குத் தேதி தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மகளிடம், அக்காள் ஒருத்தி விசாரித்தாள் என்று சொல்லுங்கள்.